தகரத்தில் நின்ற எட்டு மாடுகள்

ஒரு பேச்சுக்குக் கேக்கறேனுங்க. நீங்க ஒரு பொருளுக்கு விலை கேக்கறீங்க. நான் ரெண்டாயிரம்ங்கறேன். நீங்க மூஞ்சியைச் சுளிக்கோணும். "ரெண்டாயிரமா? தங்கத்துலயா செஞ்சிருக்குது?"ன்னு கேக்கோணும். நாலு எட்டு நடந்து போகோணும். போகும்போது நான் கூப்புடறனான்னு காது மட்டும் பின்னால இருக்கோணும். அதானுங்க முறை? அத வுட்டுப்போட்டு, சொன்ன வாக்குல "சரி, கொடுங்க"ன்னு பையைத் தொறந்தா மனுசனுக்குக் கோவம் வருமா, வராதா?

வரும்ல? ஆனா மெதுவாப் பேசுங்க. உள்ள எங்கூட்டுக்காரி இருக்கறா. அவளுக்கு இந்தச் சேதி தெரியாது.

உக்காருங்க. நீங்க பாக்க வந்த கறவை மாடு மேய்ச்சல்ல நிக்குது. ஓட்டியார அரை மணி ஆகும். அது வர்ற வரைக்கும் மாட்டைப் பத்திப் பேச மாட்டேன். பாக்காத மாட்டைப் பத்திப் பேசறவன் தரகன் இல்லீங்க, திருடன். நான் போட்ட படத்தைப் பத்தி வேணாச் சொல்றேன். சந்தையில அன்னைக்கு எனக்கு நடந்த அநியாயத்தைக் கேட்டுட்டு நீங்களே நாயம் சொல்லுங்க.

நாப்பது வருசமா நான் மாட்டுத் தரகு. பதினேழு வயசுல எங்கப்பன் கொடுத்த காசுல ஒரு பசு வாங்குனேன். மூணு மாச சினைன்னு சொல்லி வித்தான். சினையும் இல்ல, ஒண்ணும் இல்ல, ராத்திரி முழுக்க உப்புத் தவுட்டையும் தண்ணியையும் கொடுத்து வயித்தை ஊத வச்சிருக்கறான். காலையில சாணி போட்டுது பாருங்க, சினை மொத்தமும் போயிருச்சு. எங்கப்பன் என்னை அடிக்கலீங்க. "போ, அவங்கிட்டயே வேலைக்குச் சேந்துக்க"ன்னாரு. சேந்தேன். அப்படிக் கத்துக்கிட்ட தொழிலு. எங்க செவ்வாய்க்கிழமைச் சந்தையில இந்த ராக்கியப்பன் கை வச்ச உருப்படி திரும்பி ஊட்டுக்குப் போனதா சரித்திரம் இல்ல.

போன வருசம் ஒரு எருமை முழங்கால்ல வுட்டுது ஒரு உதை. நாலு மாசம் கட்டில்ல. வாய் சும்மா இருக்குமுங்களா? எங்கூட்டுக்காரி தெய்வாத்தாகிட்ட சண்டை, பால்காரங்கிட்ட சண்டை, டிவியில செய்தி படிக்கறவங்கிட்ட சண்டை. அவதான் ஒரு நாள் பொறுக்க மாட்டாம, பொங்கலுக்குக் கொம்புக்கு அடிச்சுட்டு மீந்து போன பெயிண்ட் டப்பாவையெல்லாம் கொண்டாந்து முன்னால வச்சு, "இதெல்லாம் காஞ்சு போச்சான்னு பாருங்க, இல்லீன்னா வீசிடறேன்"னா. பக்கத்துல பழைய எண்ணெய் டின் ஒண்ணு வெட்டி விரிச்சுக் கெடந்துச்சு. பெயிண்ட் புடிக்குதான்னு அதுல ஒரு கோடு இழுத்தேன். முதுகு மாதிரி இருந்துச்சு. சரின்னு வாலை வச்சேன். வால் வந்தா மாடு வந்துதானுங்களே ஆகோணும்?

அப்படியே எட்டு மாடுங்க. எட்டு தகரம்.

ரெண்டாயிரம் மாடு வித்திருப்பேன். அதுல இந்த எட்டுதான் ஏன் வந்து கைக்கு முன்னால நின்னுச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நானாக் கூப்புடலீங்க. கண்ணை மூடுனா வந்து நிக்கும். மயிர் மயிரா, சுழி சுழியாத் தெரியும். நான் பாட்டுக்கு இருக்கறதை இருக்கறாப்பல போட்டேன். தொழில்ல நான் பேசாத பேச்சு இல்லீங்க, ஒத்துக்கறேன். ஆனா பிரஷ்ஷைப் புடிச்சா பொய் போட வரல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

கால் சரியாச்சு. தெய்வாத்தா தகரத்தையெல்லாம் ஒரு பார்வை பாத்தா. "மழை வருது. ஆட்டுப்பட்டிக்குக் கூரை ஒழுகுது. எட்டும் சரியா இருக்கும்"னா.

"ஏன்டி, இது படம்டி!"

"படம்னா யாராச்சும் காசு கொடுத்து வாங்கோணும். வாங்காத வரைக்கும் தகரந்தான். வர்ற செவ்வாய்க்கிழமை சந்தைக்குக் கொண்டு போங்க. வித்துட்டு வந்தீங்கன்னா நீங்க படம் போடறவரு. அப்புறம் வாசல் முழுக்கப் போட்டுக்குங்க, நான் கேக்கல. ஒண்ணு திரும்பி வந்தாலும் அது கூரைக்கு."

எங்கிட்டயே பந்தயம்! நான் வித்துக்காட்டறேன்டின்னு சாக்குல சுத்தி டெம்போவுல ஏத்திட்டேன்.

சந்தையில வழக்கமா மாடு கட்டற மொளைக்குச்சிகள்ல எட்டையும் வரிசையாச் சாத்தி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பழைய கயிறு போட்டுக் கட்டி வச்சேன். முதல்ல வந்தவன் பழைய இரும்பு யாவாரி. தகரத்தைச் சுண்டிப் பாத்தான். "கிலோ என்ன போடறீங்க?"ன்னான். அவனைத் துரத்திக்கிட்டுப் போயி டீக்கடை வரைக்கும் வுட்டுட்டு வந்தேன்.

ரெண்டாவதா வந்ததுதான் அந்தம்மா. கோயமுத்தூரு. கண்ணாடி, தொப்பி, கழுத்துல கேமரா. ஒவ்வொண்ணா உக்காந்து உக்காந்து பாத்துச்சு. "இதை யாரு வரைஞ்சாங்க?"

"நாந்தானுங்க."

"எவ்வளவு?"

ஆயிரம் கெடைச்சாப் போதும்னு மனசுல வச்சுக்கிட்டு ரெண்டாயிரம்னேன். "சரி"ன்னுச்சு. சரியாம்! என்னடா இது, கம்மியாச் சொல்லிட்டமான்னு பகீர்னுச்சு. "ரெண்டாயிரம் தகரத்துக்குங்க. மாட்டுக்குத் தனி. சேத்து மூவாயிரம்"னேன். "ஓகே, எட்டுமே எடுத்துக்கறேன்"ன்னுச்சு. எனக்கு வேர்த்துப் போச்சுங்க. இப்படி ஒரு மனுசி உண்டா? ஏதோ சூதுன்னு தோணுச்சு. அஞ்சாயிரம்னேன். அந்தம்மா ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, "வொர்த்துதான்"னு பையைத் தொறந்துச்சு.

"ஏனம்மணி, உங்களுக்கு விலை பேசவே தெரியாதா? நான் என்ன சொன்னாலும் தலையாட்டறீங்க? என்னைப் பாத்தா கேனையன் மாதிரித் தெரியுதா? ஒரு வார்த்தை குறைச்சுக் கேக்கக் கூடாது? குறைச்சுக் கேட்டாத்தானுங்க பொருளைப் பாத்திருக்கறீங்கன்னு அர்த்தம்!"

கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டுட்டேன் போல. பக்கத்துல ரெண்டு கன்னுக்குட்டி கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு. அந்தம்மா "சாரி, சாரி"ன்னு சொல்லிக்கிட்டே காருக்குப் போயிருச்சு. நான் கணக்குப் போட்டுப் பாக்கலீங்க. நீங்களும் போடாதீங்க. எட்டஞ்சு என்னன்னு எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் பாத்துக்கிட்டு ஒருத்தன் பல்லைக் குத்திக்கிட்டு நின்னான். திருமூர்த்தி. அவனும் தரகன், எனக்கு முப்பது வருசப் போட்டி. நான் சிவப்புத் துண்டு போட்டா அவன் பச்சைத் துண்டு போடுவான்.

"ஏனுங்ண்ணா, மாட்டுக்காரன் தன் மாட்டுக்குத் தானே வாயைத் தொறக்கலாமா?"ன்னான்.

அவன் கேட்டது நாயம். எங்க தொழில்ல அது முறை இல்லீங்க. மாட்டுக்காரன் கயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கம்பம் மாதிரி நிக்கோணும். பேசறது தரகன். தன் பொருள்னா ஒருத்தன் ஒண்ணு ஆசையில உளறுவான், இல்லீன்னா ரோசத்துல கெடுப்பான். நாப்பது வருசமா மத்தவனுக்கெல்லாம் நான் சொன்ன புத்தி அது. எனக்கே மறந்து போச்சு பாருங்க.

மணி பத்தாச்சு. பன்னெண்டுக்குச் சந்தை கலைஞ்சிரும். கூரைத் தகரம் கண்ணு முன்னால ஆடுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "சரி, நீயே பேசு"ன்னேன். உசுரு போன மாதிரி இருந்துச்சுங்க அந்த வார்த்தை.

அவன் பேச்சு நல்ல பேச்சுதான், பொய் சொல்லக் கூடாது. ஒரு பெட்டி மேல ஏறி நின்னுக்கிட்டு ஆரம்பிச்சான்: "வாங்க, வாங்க! எட்டு உருப்படி! தீனி கேக்காது, உதைக்காது, கோமாரி வராது, பக்கத்துக் காட்டுல மேஞ்சு பஞ்சாயத்துக் கூட்டாது! ஒரு தடவை ஆணியில கட்டுனா பேரன் காலம் வரைக்கும் அங்கியே நிக்கும்!"

கூட்டம் கூடிருச்சு. சிரிக்கறாங்க, தட்டிப் பாக்கறாங்க, ஒருத்தன் படத்துல இருக்கற மாட்டுக்கு வயசு கேக்கறான். அப்பத்தான் ஆரிச்சாமி வந்தாரு.

ஆரிச்சாமின்னா கிழக்க தோட்டங்காட்டுல இருக்கறவரு. நல்ல ஒசரம். பேசறது கம்மி, அதும் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வந்தரலாம். எட்டு வருசத்துக்கு முன்னால எங்கிட்ட ஒரு மயிலைக்காளை, சாம்பல் நெறம், வாங்குனாரு. அந்த மயிலை வரிசையில மூணாவது தகரம். அதுக்கு முன்னால போயிக் குத்துக்கால் போட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. விரலை வச்சு முதுகுத்தண்டு மேல மெதுவா இழுத்துக்கிட்டுப் போனாரு. திமில்ல இருந்து வாலு வரைக்கும்.

அந்த எடத்துல ஒரு மயிர்க்கோடு இருக்கும்ங்க, பூரான் ஊர்ற மாதிரி. அது தலைப்பக்கம் ஏறியிருந்தா வாங்குன குடும்பத்துக்கு நல்லதும்பாங்க. வாலுப்பக்கம் எறங்கியிருந்தா அந்த மாட்டை யாரும் தொட மாட்டாங்க, பாதி விலைக்குக்கூடப் போகாது. அந்த மயிலைக்கு எறங்குபூரான். விக்கற அன்னைக்கு வெளக்கெண்ணெய் தடவி, சீப்பு வச்சு மேல்முகமா வாரி வுட்டிருந்தேன். தொழிலுங்க அது. எல்லாரும் பண்றதுதான். படத்துல எறங்கறாப்பலதான் போட்டிருந்தேன். மாடு அப்படித்தான இருந்துச்சு?

ஆரிச்சாமி எந்திரிச்சாரு. "இது எம்பட மயிலை"ன்னாரு. அப்புறம் திருமூர்த்திகிட்டக் கையை நீட்டுனாரு.

விலைன்னா எங்க சந்தையில வாயில சொல்ல மாட்டமுங்க. துண்டைப் போட்டுக் கையை மறைச்சுக்கிட்டு விரலைப் புடிச்சுச் சொல்றது. ஒரு விரலைப் புடிச்சா ஒண்ணு, நாலு விரலைச் சேத்துப் புடிச்சா நாலு. ஆயிரமா நூறாங்கறது மட்டும் வாயில. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. திருமூர்த்தி பச்சைத் துண்டைப் போட்டு அவரு கையைப் புடிச்சான். அவன் மூஞ்சி ஒரு மாதிரிப் போச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து என் கை மேல துண்டைப் போட்டான். ரெண்டு விரலா, மூணு விரலான்னு காத்துக்கிட்டு இருக்கறேன். அவன் என்னோட அஞ்சு விரலையும் மடக்கி, மூடி, அப்படியே வச்சுட்டான்.

எனக்குப் புரியல. "என்னடா இது?"

"அதானுங்ண்ணா விலை."

சைபருக்கு எங்க பாஷையில விரலே கெடையாதுங்க! நாப்பது வருசத்துல துண்டுக்கடியில மூடுன கையை நான் பாத்ததே இல்ல. வந்துச்சு பாருங்க கோவம். துண்டைப் புடுங்கி வீசிட்டேன். "கேட்டீங்களாப்பா கதையை! ஆரிச்சாமி சும்மாக் கேக்கறாரு! நாலு மாசம் படுக்கையில கெடந்து போட்ட படத்தைச் சும்மாக் கேக்கறாரு!"ன்னு சந்தை முழுக்கக் கேக்கறாப்பல கத்துனேன். துண்டுக்கடியில பேசுன விலையை வெளிய சொல்லக் கூடாது. சொன்னது என் தப்புத்தான். சொல்லாம இருந்திருந்தா ஒரு தகரத்தோட போயிருக்கும்.

ஏன்னா எல்லாரும் அவரைப் பாத்து "ஏனுங்க?"ன்னு கேட்டுட்டாங்க. அவரும் பதில் சொல்லிட்டாரு.

"சும்மா இல்ல. எறங்குபூரானை ஏறுபூரான்னு சொல்லி எங்கிட்ட முழு விலை வாங்குனாரு. பாதி விலை மாட்டுக்குப் போச்சு. மீதிப் பாதி எதுக்குக் கொடுத்தேன்னு எட்டு வருசமா எனக்குத் தெரியல." தகரத்தைக் காட்டுனாரு. "இதுக்குத்தான் போல."

கூட்டம் மொத்தமும் பூரானைப் பாக்கக் குனிஞ்சுது.

"என்னைக்குத் தெரிஞ்சுது உங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

"மூணாம் நாளு. கழுவும்போது."

"அன்னைக்கே வந்து சட்டையைப் புடிச்சிருக்கலாமல்ல? சந்தையில அப்படி வந்தவனுக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருக்கறேன்!"

நான் சொன்னன்ல, டீ குடிச்சுட்டு வந்தரலாம்.

"அதுக்குள்ள பேரு வச்சுட்டோம்"ன்னாரு. "போன ஐப்பசியில போயிருச்சு. என்ற பொண்ணு இன்னும் அந்தக் கட்டுத்தரையில வேற மாட்டைக் கட்ட வுடறதில்ல."

இதுக்கு மேல ஒரு தரகன் என்னங்க பேசறது? பேசுனேன். தகர விலை வேற, பெயிண்ட் விலை வேறன்னு கொஞ்ச நேரம் பேசுனேன். அவரு காது கொடுக்கலீங்க. இடுப்புல இருந்து புதுக் கயிறு ஒண்ணு எடுத்தாரு. மாடு வாங்குனா வித்தவன் கயித்தோட ஓட்டிட்டுப் போகக் கூடாது, வாங்கறவன் தன் கயித்தைத்தான் கட்டோணும். அந்த முறைப்படியே தகரத்துல நான் கட்டியிருந்த கயித்தை அவுத்து என் கையில கொடுத்துட்டு, தன் கயித்தைக் கட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. பூரான் வெளிய தெரியறாப்பல.

சரி, ஒண்ணு போச்சு, ஏழு இருக்குதுன்னு திரும்பறேன், பாவாத்தா நிக்கறா. பால் சொசைட்டிக்கு ஊத்தற அம்மணி. வரிசையில அஞ்சாவது, செவலைப் பசு. படத்துல மடியை உத்து உத்துப் பாக்கறா.

"ஏனுங் ராக்கியண்ணா, நாலு காம்புலயும் பால்னு சொல்லித்தான கொடுத்தீங்க? இங்க ஒரு காம்பு சூம்பிக் கெடக்குது?"

"அது நெழலு அம்மணி."

"நெழலா? அந்த நெழலை நானும் ஆறு வருசமா இழுத்து இழுத்துப் பாத்தேன், சொட்டு வரல! மூணு காம்புல கறந்தே புள்ளையைக் காலேஜ் அனுப்பிச்சேன். நாலாவது காம்புக்குக் கொடுத்த காசு எங்கன்னு தேடிட்டிருந்தேன். இந்தா, இங்க இருக்குது." தகரத்தைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் தள்ளுமுள்ளுங்க. காரி எருமைக்கு எடது கண்ணுல பூ வுழுந்திருக்கறதுக்கு நான் வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வச்சிருந்தேன். விக்கும்போது அந்தக் கண்ணைச் செவுத்துப் பக்கம் நிக்க வச்சதை வாங்குனவன் ஞாபகம் வச்சிருந்தான். அதுவும் போச்சு. எவனோ மீதியையெல்லாம் செல்லுல படம் புடிச்சு அனுப்பிட்டான். மூலனூர்ப் பக்கம் இருந்து ஒருத்தன் மொபெட்ல வந்து எறங்கறான், ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம, "எம்பட கெடாரி எங்க?"ங்கறான். ஒருத்தரும் என்னை அடிக்கலீங்க. திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், கணக்கு நேராயிருக்கும். சிரிச்சுக்கிட்டே "நல்லாப் போட்டிருக்கறீங்க, அப்படியே இருக்குது"ன்னு சொல்லிச் சொல்லி எடுத்துட்டுப் போறாங்க. அதைத்தான் பொறுக்க முடியல.

பன்னெண்டு மணிக்கு மொளைக்குச்சி எட்டும் காலி. என் கையில எட்டுப் பழைய கயிறு. திருமூர்த்தி வந்து நிக்கறான். "எட்டு உருப்படி தள்ளி வுட்டிருக்கறேன். தரகு?"ங்கறான். நான் பாத்த பார்வையில, அவனே எனக்கு ஒரு புரோட்டா வாங்கிக் கொடுத்துட்டுப் போயிட்டான்.

இப்பச் சொல்லுங்க, இது அநியாயமா இல்லியா? ஆனா ஒண்ணு. கொண்டு போன உருப்படி திரும்பி வரல. அந்தப் பேரு எனக்கு அப்படியே இருக்குது. அதை யாரும் மாத்த முடியாது.

ஊட்டுக்கு வந்தேன். காலிச் சாக்கைப் பாத்ததுமே தெய்வாத்தா கண்ணு விரிஞ்சுது.

"எட்டுமா?"

"எட்டும்."

"பணம்?"

"பணம்... முன்னாடியே வாங்குனதுதான்."

"எப்ப?"

சொன்னேன். கோயமுத்தூரு அம்மாவை மட்டும் வுட்டுட்டு, எல்லாத்தையும் சொன்னேன். சிரிப்பாள்னு பாத்தேன், சிரிக்கல. கத்துவாள்னு பாத்தேன், கத்தல. முந்தானையில கையைத் தொடச்சுக்கிட்டா.

"சரி. ஆட்டுப்பட்டிக்கு ஓலை வாங்கிக்கறேன். நீங்க போடுங்க"ன்னா.

செயிச்சுட்டன்ல? எனக்கு ஒரே குசி. "அடுத்தது என்ன போடட்டும், சொல்லு"ன்னு அவளையே கேட்டேன்.

"வெள்ளெருது போடுங்க."

"எந்த வெள்ளெருது?"

"எங்கண்ணனுக்கு வித்தீங்களே. அது."

கேட்டீங்களா? சொந்த மச்சானுங்க அவரு! அவருக்குப் போயி நான் அப்படிப் பண்ணுவனா? அந்த எருது சுத்தமான எருது. கோயில்ல வேணா வந்து சத்தியம் பண்றேன். ஒரு குறை கெடையாது. அன்னையில இருந்து அதைத்தான் போட்டுக்கிட்டு இருக்கறேன். அந்தா, செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கறனே, அதுதான். இது நாலாவது தகரம். மூணு தடவை அழிச்சுட்டேன். தலை வருது, திமில் வருது, கொம்பு அம்சமா வருது. பின்னங்கால் எடதுதான், எப்படி ஊனி வச்சாலும் தரையில படாம, கொஞ்சம் தூக்குனாப்பலயே வருது.

பிரஷ்ஷு சரியில்லீங்க. வேற வாங்கோணும்.